அக்கா போட்ட டூட்டி

அன்பார்ந்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அக்காவோடு பணி செய்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் முகப்பில் இருக்கும் படத்தைத்தான் முதலில் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சேலை, தலையில் தொப்பி, சிரிப்பில்லாத முகம். போட்டோக்காரர் எவ்வளவோ கெஞ்சியும் அக்கா சிரிக்கவில்லை. "நான் சிரிச்சதப் பாத்தா அப்புறம் வார்டுல யாரு பயப்படுவா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். அவர் நம்மை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்கலாம். அவருடன் பிறந்தவள் நான். அவருக்குக் கீழே வேலை பார்த்தவள். அவர் போட்ட டூட்டியால் ஒருமுறை சாகக் கிடந்தவளும் நான்தான். அதனால் மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

அக்கா பிறந்தது கொடைரோடு பக்கத்தில், அம்மாவின் தாய்வீட்டில். அப்பாவுக்குத் திண்டுக்கல்லில் ஒரு ராவுத்தரின் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி வேலை கிடைத்ததால் குடும்பம் இங்கே வந்தது. நான் பிறந்தபோது அக்கா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். எனக்குக் கஞ்சி ஊட்டியதும் தலை பின்னிவிட்டதும் அக்காதான். அம்மா அப்போது வீட்டில் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருப்பார். தலை நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது.

அப்பா மஞ்சள் காமாலையில் படுத்தபோது அக்காவுக்குப் பள்ளிப் படிப்பு முடியும் சமயம். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணையாக அக்காதான் இருந்தார். அப்பா பிழைக்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் ஒரு நர்ஸ் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்ததையும், முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டதையும், கடைசி நேரத்தில் வாயில் தண்ணீர் விட்டதையும் அக்கா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். துக்கம் முடிந்ததும், தான் நர்ஸ் படிக்கப் போவதாகச் சொன்னார். வீட்டில் பூகம்பம் வந்துவிட்டது. ஆண்பிள்ளைகள் உடம்பைத் தொடுகிற வேலைக்கு வயசுப் பெண்ணை அனுப்புவதா என்று உறவுக்காரர்கள் வந்து வந்து பேசினார்கள். அந்த உறவுக்காரர்களில் சிலர் இந்த மலரையும் வாசிப்பார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பிறகு அவர்கள் வீட்டுப் பிரசவமெல்லாம் அக்காவின் கையில்தான் நடந்தது.

அம்மாவும் அரைமனதாகத்தான் இருந்தார். துக்கம் விசாரிக்க வந்த ராவுத்தர்தான் வாசலில் நின்றபடியே ஒரு வார்த்தை சொன்னார். "உங்க வீட்டுக்காரரு கெடந்தப்போ தண்ணி குடுத்தது யாரும்மா? யாரோ ஒரு வீட்டுப் புள்ளதானே. உங்க புள்ளயும் நாலு பேருக்குக் குடுக்கட்டுமே." அம்மா அதன் பிறகு தடுக்கவில்லை. ராவுத்தர் வீட்டு அம்மா கொடுத்த தகரப் பெட்டியில் துணிமணிகளை வைத்துக்கொண்டு அக்கா மதுரைக்குப் படிக்கப் போனார்.

படித்து முடித்துத் திண்டுக்கல்லிலேயே வேலையில் சேர்ந்தார். கல்யாணப் பேச்சு வரத்தான் செய்தது. ரயில்வேயில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஒருவர் வந்தார். நல்ல மனிதர், நல்ல குடும்பம். வேலையை விட்டுவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர்கள் கேட்டது. அக்கா காப்பி கொடுத்தார், கும்பிட்டார், டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அம்மா பல மாதம் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். அந்த மாப்பிள்ளையின் தாயார் சில வருஷம் கழித்துக் குடலிறக்க ஆபரேஷனுக்கு அக்காவின் வார்டிலேயே வந்து படுத்தார் என்பதைச் சொன்னால் அக்கா என்னை மன்னிக்க மாட்டார், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அக்கா ஹெட் சிஸ்டர் ஆனார். நோயாளிகளின் வீட்டார் 'பெரிய நர்சம்மா' என்பார்கள். அதற்குள் நானும் படித்து முடித்து அதே ஆஸ்பத்திரியில் நர்சாகச் சேர்ந்திருந்தேன். ஹெட் சிஸ்டர் என்றால் என்ன வேலை என்று நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது. ஊசி போடுவது பெரிய நர்ஸ், பஞ்சு எடுத்துக் கொடுப்பது சின்ன நர்ஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. நோயாளியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது எங்களைப் போன்றவர்கள் வேலை. எந்த வார்டில் யார் நிற்பது, யாருக்கு ஓய்வு, சலவைக்குப் போன விரிப்பு ஏன் இன்னும் வரவில்லை, ஊசியைக் கொதிக்க வைக்க மண்ணெண்ணெய் இருக்கிறதா, இரண்டு ஆயாமார் சண்டையில் எந்த ஆயாவை எந்தப் பக்கம் மாற்றுவது, இதெல்லாம் ஹெட் சிஸ்டர் வேலை. எல்லாம் சரியாக நடந்தால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. ஒன்று தவறினால் எல்லோர் விரலும் ஒருவரை நோக்கித்தான் நீளும். பிழைத்துப் போகிற நோயாளி டாக்டரைக் கும்பிடுவார், ஊசி போட்ட நர்சைக் கும்பிடுவார். டூட்டி போட்டவரை யாரும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

அக்கா கண்டிப்பானவர். ஆனால் நோயாளிகள் முன்னால் யாரையும் வைய மாட்டார். "துணி ரூமுக்கு வா" என்பார், அவ்வளவுதான். விரிப்புகளும் போர்வைகளும் அடுக்கியிருக்கும் அந்தச் சின்ன அறைக்குள் போய்விட்டு வந்தவர்கள் முகத்தைப் பார்த்தாலே என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிடும். நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அங்கே நான் தங்கச்சி இல்லை. வீட்டுக்கு வந்ததும் "சாப்டியாடி?" என்று கேட்பாரே, அப்போது மறுபடியும் தங்கச்சி ஆகிவிடுவேன். வீட்டிலும் ஹெட் சிஸ்டர் தலை காட்டாமல் இருக்க மாட்டார். பாய் விரிப்பில் சுருக்கம் இருந்தால் தூக்கம் வராது. மாதா கோயிலில் பூசை நேரத்தில் பீடத்து விரிப்பு கோணலாக இருந்தால் சுவாமியாரின் பிரசங்கம் காதில் ஏறாது.

இனி நான் எழுதப்போவது பலருக்கும் அரைகுறையாகத் தெரிந்த விஷயம். முழுதாகச் சொல்ல இதுதான் இடம் என்று நினைக்கிறேன்.

அந்தக் கோடையில் மழை சுத்தமாகப் பொய்த்துவிட்டது. திண்டுக்கல்லில் தண்ணீர்ப் பஞ்சம் புதிதல்ல. ஆனால் அந்த வருஷம் சுற்றுப்பட்டிகளிலும் கிணறுகள் வற்றி, கிடைத்த கலங்கல் தண்ணீரை ஜனங்கள் குடித்தார்கள். சாணார்பட்டிப் பக்கமிருந்து மாட்டு வண்டிகளில் காலராக்காரர்களைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரி வளாகத்தின் ஓரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு, நடுவில் ஓட்டை வைத்த கட்டில்களைப் போட்டு, கீழே வாளி வைத்தார்கள். பிறகு எழுந்த கேள்வி, அந்தக் கொட்டகைக்குள் முதலில் யார் போவது என்பதுதான்.

எல்லோருக்கும் பயம். காலரா என்றால் காலையில் நடந்தவன் மாலையில் இல்லை என்கிற காலம் அது. எங்களில் லூர்து என்கிற நர்சுக்குக் கைக்குழந்தை. இன்னொருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மற்றொருத்தி விதவைத் தாய்க்கு ஒரே பெண். ஆளுக்கொரு காரணம், எல்லாம் நியாயமான காரணம். அக்கா எங்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா சுற்றிவளைக்காமல் சொன்னார், "மொத டூட்டி என் தங்கச்சிக்கு."

எனக்கு அப்போது பெருமையாக இருந்தது என்று எழுதினால் அது பொய். கோபம்தான் வந்தது. அக்காவுக்கு நான் அவ்வளவு மலிவாகப் போய்விட்டேனா என்று நினைத்தேன். தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கொட்டகைக்குள் போனேன்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் வீடு ரணகளமாகிவிட்டது.

"ஊர்ல இம்புட்டு நர்சு இருக்காளுக. ஒனக்கு ஒன் தங்கச்சிதான் கெடச்சாளா?" என்று அம்மா கேட்டார்.

"என் வீட்டு ஆள மொதல்ல போட்டாத்தாம்மா அடுத்த வீட்டுப் புள்ளயப் போகச் சொல்ல எனக்கு வாய் வரும்."

"அப்ப நீ போக வேண்டியதுதான?"

"நான் போறது லேசும்மா. மத்த வார்டு அம்புட்டையும் யாரு பாக்குறது?"

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கொட்டகையில் வேலை இடுப்பை ஒடித்தது. சலைன் ஏற்ற வேண்டும், வாளி மாற்ற வேண்டும், பிளீச்சிங் பவுடர் தெளிக்க வேண்டும். இவற்றைவிடக் கஷ்டம், கூட வந்தவர்களோடு மல்லுக்கட்டுவது. தண்ணீர் கொடுத்தால் பேதி கூடும் என்று நம்பி, தாகத்தில் தவிக்கிறவனுக்கு ஒரு வாய் தண்ணீர் தர மாட்டார்கள். அவர்களை வெளியே விரட்டிவிடலாம் என்று நாங்கள் சொன்னோம். அக்கா சம்மதிக்கவில்லை. கட்டிலுக்கு ஓர் ஆளை உள்ளே வைத்துக்கொண்டு, கை கழுவக் கற்றுக்கொடுத்து, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை அவர்கள் கையாலேயே கொடுக்கச் செய்தார். தினமும் காலையில் வந்து ஒவ்வொரு கட்டிலாகப் பார்ப்பார். என்னிடம் வேலையைத் தவிர ஒன்றும் பேச மாட்டார். கொட்டகைக்குள் எதையும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்பது அவர் போட்ட முதல் சட்டம்.

பேச்சியம்மாள் என்று ஒரு பெண், சாணார்பட்டிப் பக்கத்துக் கூலிக்காரி. அவள் புருஷனைப் பிணம் என்றே வண்டியிலிருந்து இறக்கினார்கள். அவர் எழுந்து உட்கார்ந்து, கஞ்சி குடித்து, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, பேச்சியம்மாள் எங்கிருந்தோ ஒரு சொம்பு மோர் வாங்கி வந்து என்னிடம் நீட்டினாள். நான் வேண்டாம் என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"எங்க கையால வாங்கிக் குடிச்சா கொறஞ்சு போயிருவீகளா தாயி?" என்று கேட்டாள்.

அவர்கள் எந்தச் சாதி, நாங்கள் எந்தச் சாதி என்று இங்கே எழுத வேண்டியதில்லை. தண்ணீர்ப் பந்தலில்கூடத் தனிக் குவளை வைக்கிற பக்கம் நம் பக்கம். நான் சட்டத்துக்காக மறுத்தேன் என்று அவளிடம் எப்படிச் சொன்னாலும் அவளுக்கு அது வேறாகத்தான் கேட்டிருக்கும். சொம்பை வாங்கிக் குடித்துவிட்டேன். அவள் சிரித்தாள், என் கன்னத்தைத் தொட்டுத் தன் விரலை முத்தமிட்டுக்கொண்டு போனாள்.

அடுத்த நாளே எனக்கும் காலரா கண்டுவிட்டது. நான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த வரிசையிலேயே ஒரு கட்டிலில் என்னையும் படுக்க வைத்தார்கள். பாதி நினைவுதான் எனக்கு இருக்கிறது. லூர்துதான் என்னைப் பார்த்துக்கொண்டாள். கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டுத் தானாகவே வந்து நின்றாளாம். அக்கா அவளைத் திருப்பி அனுப்பப் பார்த்தார், அவள் போகவில்லை. அம்மா கொட்டகை வாசலில் வெயிலில் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அக்கா வழக்கம்போலக் காலையில் வருவார், மற்றக் கட்டில்களைப் பார்ப்பது போலவே என் கட்டிலையும் பார்ப்பார், நாடி பிடிப்பார், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். கூடப் பிறந்தவள் சாகக் கிடக்கும்போது பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காராமல் போகிறாளே என்று அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். துணி ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அக்கா அழுததை ஓர் ஆயா பிறகு எனக்குச் சொன்னார். அம்மாவிடமும் சொன்னேன். அம்மா நம்பவில்லை.

நான் பிழைத்துக்கொண்டேன். நிற்கத் தெம்பு வந்ததும் மோர் குடித்ததை அக்காவிடம் சொன்னேன். துணி ரூமுக்குக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. பிறகு எல்லோரையும் மறுபடி வராந்தாவுக்கு வரச் சொன்னார்.

"அவங்க குடுக்குறத நாம வேண்டாம்னா மனசு உடஞ்சு போறாங்க. வாங்குனா நாம படுத்துருவோம். அதனால கொட்டகைக்குள்ள கொதிச்சு ஆறின தண்ணி ஒரு பானையில எப்பவும் இருக்கட்டும். பக்கத்துலயே சுத்தமான டம்ளர் இருக்கட்டும். யாராச்சும் எதாச்சும் குடுக்க ஆசப்பட்டா, கையக் கழுவிட்டு இந்தப் பானையில மொண்டு ஒங்க கையால குடுங்கன்னு கேளுங்க. அவங்க முன்னாடியே வாங்கிக் குடிங்க."

அப்படியே செய்தோம். வீட்டுக்குப் போகிறவர்கள் அந்தப் பானையிலிருந்து மொண்டு எங்களுக்குத் தண்ணீர் கொடுப்பது கொட்டகையில் ஒரு சடங்கு மாதிரியே ஆகிவிட்டது. பிறகு எங்களில் யாரும் அந்தக் கட்டில்களில் படுக்கவில்லை. டூட்டிக்கு ஆள் வேண்டும் என்று அக்கா கேட்க வேண்டிய அவசியமும் வரவில்லை, ஒவ்வொருவராக வந்து பெயர் கொடுத்தார்கள். நான் இன்றும் நர்சாக இருக்கிறேன். சட்டத்தை மீறியவளைப் பிடித்து வைவது எந்த ஹெட் சிஸ்டருக்கும் தெரியும். அந்தச் சட்டத்தை மனுஷர்கள் நடக்கிற மாதிரி மாற்றிப் போட அக்காவுக்குத்தான் தெரிந்தது.

ஆனால் வீட்டில் அம்மா அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சில நாளில் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தோம். வருஷங்கள் ஓடின. ஒரே வீடு, ஒரே அடுப்பு. "ஒங்கக்காகிட்டச் சொல்லு, தொட்டுக்கிட வெஞ்சனம் உறியில இருக்குன்னு" என்று அம்மா என்னிடம் சொல்வார். அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். "சரின்னு சொல்லுடி" என்பார் அக்கா. இருவருக்கும் நடுவில் நான் தபால்காரியாக இருந்தேன். அக்காவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை அம்மா வைக்கத் தவறியதில்லை. அவர் டூட்டி முடிந்து வரும்வரை படுத்ததும் இல்லை. பேச்சு மட்டும் இல்லை.

நான் எத்தனையோ முறை வாதாடினேன். "சட்டத்த மீறி மோரக் குடிச்சது நாந்தாம்மா" என்றேன். "குடிச்சது நீ. அனுப்புனது யாரு?" என்பார். அக்கா எனக்குச் சொன்னதெல்லாம் ஒன்றுதான், "விடுடி. அம்மா கேக்குறது நியாயமான கேள்வி."

இளவயதில் வந்த காய்ச்சலில் அக்காவின் இருதயம் பழுதாகியிருந்தது என்பது மிகவும் பிந்தித்தான் தெரிந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால் வீங்கியது. மறைத்து மறைத்து வேலைக்குப் போனார். ஒருநாள் வார்டிலேயே சாய்ந்துவிட்டார். தான் விரிப்புச் சுருக்கம் பார்த்துப் பார்த்து நடந்த அதே வார்டில் அவரைப் படுக்க வைத்தோம். சேதி கேட்டு அம்மா வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று அக்காவையே பார்த்தார். நான் வழக்கம்போல நடுவில் போய் நின்றேன். அம்மா என்னைக் கையால் விலக்கினார்.

"மூச்சு வாங்குதா, ஆத்தா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"இல்லம்மா" என்றார் அக்கா. மூச்சு வாங்கிக்கொண்டுதான் சொன்னார்.

அன்றிலிருந்து கடைசி வரை அம்மா அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. இருவரும் நிறையப் பேசினார்கள். அப்பாவைப் பற்றி, கொடைரோட்டு வீட்டைப் பற்றி, அந்த ரயில்வே மாப்பிள்ளையைப் பற்றிக்கூடப் பேசிச் சிரித்தார்கள். கொட்டகைப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. ஒரே ஒருமுறை அக்கா கேட்டார், "அம்மா, இன்னும் எம்மேல கோவமா?" அம்மா கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டே, "கஞ்சி ஆறுது, குடி" என்றார். அக்கா குடித்தார். திரும்பக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலைப் பூசை மணி அடிக்கும் நேரத்தில், சுவாமியார் கையால் கடைசி எண்ணெயான அவஸ்தை பூசுதல் பெற்று, அமைதியாகக் கண் மூடினார்.

அக்காவைக் காப்பாற்றப் பாடுபட்ட டாக்டர்களுக்கும், தங்கள் ஓய்வு நாளிலும் வந்து நின்ற நர்சுகளுக்கும் ஆயாமாருக்கும், முக்கியமாக லூர்துவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. நடக்க முடியாத வயதிலும் கைத்தடியோடு வந்து, அடக்கம் முடியும்வரை கல்லறை வாசலில் நின்ற ராவுத்தருக்கும், துக்க வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பிய அவர் வீட்டாருக்கும் எங்கள் நன்றி. பூசை வைத்த சுவாமியாருக்கும், அழைக்காமலே சாணார்பட்டிப் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த ஜனங்களுக்கும் நன்றி. பேச்சியம்மாள் தன் புருஷனையும் கூட்டி வந்திருந்தாள்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அச்சாபீசுக்குக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் பேசாம இருந்ததயும் எழுதியிருக்க" என்றார்.

"எடுத்துரட்டுமாம்மா?"

"எடுக்க வேணாம். அதுக்குக் கீழ ஒண்ணு எழுது. பெரியவ சின்னவளக் கொட்டகைக்கு அனுப்புனது சரிதான்னு அவ ஆத்தா சொன்னான்னு எழுது."

"இத அக்கா கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"அப்ப எனக்கு மனசு ஆறல. இப்பவும் ஆறல" என்றார் அம்மா. "ஆனா அவ செஞ்சது சரி. நாலு பேரு படிக்கிற மாதிரி எழுது."

எழுதிவிட்டேன்.